22 அங்குல பிளாஸ்டிக் பலகையும் நாலு சக்கரமும்

போன தடவை பாலாறு, ஏரி, கால்வாய் என்று ஒரே தண்ணீராக எழுதி உங்களை மூழ்கடித்துவிட்டேன். இந்த முறை தரைக்கு வருவோம். சப்ஜெக்ட், பிளாஸ்டிக்கில் வருகிற அந்தச் சின்ன ஸ்கேட்போர்டு. 22 அங்குல நீளம், 6 அங்குல அகலம், மஞ்சளோ பச்சையோ ரோஸோ கண்ணைப் பறிக்கிற ஏதோ ஒரு கலர், அடியில் நாலு சக்கரம். புத்தகப் பையின் பக்கவாட்டில் சொருகிக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிடலாம். எடை 2 கிலோ அளவுதான்.

நம்ம கிளாஸில் பாதிப் பேர் இதைப் பொம்மை என்கிறார்கள். மீதிப் பேர், "அமெரிக்கப் பசங்க விளையாட்டு, வாலாஜாபாத்துல எதுக்குடா" என்கிறார்கள். இரண்டையும் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஸ்கேட்போர்டு வரலாறு என்று யார் எழுதினாலும், யார் எந்தச் சாகசத்தை முதலில் செய்தார் என்றுதான் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். பலகையைப் பற்றியும் அதில் வரைந்திருக்கிற படத்தைப் பற்றியும் எழுதுகிறார்கள். படித்துப் பார்த்ததில் எனக்குத் தோன்றியது வேறு. இது சக்கரத்தின் வரலாறு. சக்கரமும் அதற்கு அடியில் இருக்கிற தரையும் சேர்ந்துதான் இந்த விளையாட்டை இரண்டு தடவை தூக்கி நிறுத்தியிருக்கின்றன, குப்புறத் தள்ளியும் இருக்கின்றன. எப்படி என்று பார்ப்போம்.

முதலில் நம்ம ஊர் முன்னோரிடம் இருந்து தொடங்குகிறேன். பேரிங் வண்டி ஞாபகம் இருக்கிறதா? இல்லை என்றால் உங்கள் அப்பாவிடமோ சித்தப்பாவிடமோ கேளுங்கள், கண் பளபளக்கும். லாரி மெக்கானிக் ஷெட்டில் தேய்ந்துபோன பால்பேரிங்குகளை வாங்கி (பல நேரம் கேட்காமலே எடுத்து), ஒரு பலகையின் பின்பக்கம் இரண்டு, முன்பக்கம் ஒன்று என்று கட்டைக்குள் அடித்து இறுக்கி, முன்கட்டையை ஒரு போல்ட்டில் திருப்பிக்கொள்கிற மாதிரி மாட்டினால் வண்டி தயார். ஒருத்தன் உட்கார, ஒருத்தன் தள்ள, தார் ரோட்டில் 'கர்ர்ர்' என்று தெருவே எழுந்துவிடும் சத்தம். மண் ரோட்டில் அது நகராது. சின்னக் கல் குறுக்கே வந்தால் வண்டி நிற்கும், ஆள் நிற்க மாட்டான் :-) இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தக் கதையும் அதில்தான் இருக்கிறது.

ஏனென்றால் 1950களில் கலிபோர்னியாவில் நடந்ததும் ஏறக்குறைய இதேதான். அலைச்சறுக்குப் பசங்களுக்குக் கடலில் அலை இல்லாத நாட்களில் கால் அரித்தது. ரோலர் ஸ்கேட்டைக் கழற்றி இரண்டாகப் பிரித்து, ஒரு மரப்பலகையின் முன்னும் பின்னும் ஆணி அடித்து நிறுத்தினார்கள். அவர்களுக்கு ரோலர் ஸ்கேட் கிடைத்தது, நமக்கு லாரி பேரிங் கிடைத்தது. வித்தியாசம் அவ்வளவே. ஆனால் அந்த ரோலர் ஸ்கேட்டில் நம்ம வண்டியில் இல்லாத ஒரு சமாசாரம் இருந்தது. 1863-இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளிம்ப்டன் என்பவர் சக்கர அச்சுக்கும் பாதத்தட்டுக்கும் நடுவே ரப்பர் வைத்து, உடம்பைச் சாய்த்தால் சக்கரம் அந்தப் பக்கமே திரும்புகிற மாதிரி செய்து காப்புரிமை வாங்கியிருந்தார். இன்றைக்கு உங்கள் பிளாஸ்டிக் போர்டின் அடியில் இருக்கிற இரும்பு முக்காலி மாதிரியான பாகம் அந்த யோசனையின் பேரன். அதன் பெயர் ட்ரக். (ஒரகடத்துப் பக்கம் 'ட்ரக்' என்றால் 2012-இல் அங்கே தொழிற்சாலை திறந்த டைம்லர்காரர்களின் பாரத்பென்ஸ் லாரிதான் ஞாபகத்துக்கு வரும். அது வேற ட்ரக், இது வேற ட்ரக்.)

ஆரம்பத்தில் சக்கரங்கள் இரும்பு. அதன்பின் களிமண் சக்கரம் என்று பேர் பெற்ற ஒரு கலவைச் சக்கரம் வந்தது. இரும்பை விடச் சத்தம் குறைவு, ஓட்டம் கொஞ்சம் மிருது. 1963-இல் லாரி ஸ்டீவன்சன் என்ற கடற்கரைக் காவலர் மகாஹா என்ற பெயரில் போர்டுகளைத் தயாரித்து விற்கத் தொடங்கினார், அதே வருடம் போட்டியும் நடந்தது. இரண்டே வருடத்தில் அமெரிக்கா முழுக்கப் பைத்தியம் பிடித்தது. 1965 மே மாதம் லைஃப் பத்திரிகையின் அட்டையில், ஓடுகிற போர்டின் மேல் தலைகீழாகக் கையூன்றி நிற்கிற பாட்டி மெக்கீ. பாட்டி என்றால் கிழவி இல்லை, அந்தப் பெண்ணின் பெயரே அதுதான்! இந்த விளையாட்டின் முதல் பெரிய பத்திரிகை அட்டையில் வந்தது ஒரு பெண் என்பதை மனதில் வையுங்கள், பின்னால் உதவும்.

அதே 1965-இன் கடைசிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஏன்? களிமண் சக்கரத்துக்குத் தரையைப் பிடிக்கிற குணமே கிடையாது. திரும்பினால் வழுக்கும். உள்ளே இருந்த குண்டுகள் கூண்டு இல்லாமல் உதிரியாகக் கிடந்ததால் ஓடும்போதே கழன்று சிதறும். வழியில் பட்டாணி அளவு கல் வந்தால் சக்கரம் நின்றுவிடும், ஓட்டுபவர் பறப்பார். கை ஒடிந்தது, மண்டை உடைந்தது. டாக்டர்கள் எச்சரித்தார்கள், பல நகரங்கள் தடை போட்டன, கடைகள் ஆர்டரை ரத்து செய்தன. ஒரு விளையாட்டையே ஒரு கூழாங்கல் தோற்கடித்தது.

அதற்கப்புறம் ஏழெட்டு வருடம் யாரும் சீண்டவில்லை. அடுத்து வருவது எனக்கு மிகப் பிடித்த பகுதி, கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

1970-ஐ ஒட்டி, ஃபிராங்க் நாஸ்வொர்த்தி என்ற இளைஞர் வர்ஜீனியா மாநிலத்தில் பர்செல்வில் என்ற சின்ன ஊரில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலைக்குப் போகிறார். கிரியேட்டிவ் யூரித்தேன்ஸ் என்று பெயர். அங்கே பாலியூரித்தேன் என்கிற பொருளில் ரோலர் ஸ்கேட் சக்கரங்கள் வார்த்தார்கள். பாலியூரித்தேன் அப்போது புதுப் பொருள் ஒன்றும் இல்லை. ஜெர்மனியில் ஆட்டோ பாயர் 1937-லேயே கண்டுபிடித்தது. இந்தச் சக்கரங்கள் ஸ்கேட்டிங் அரங்குகளில் வாடகைக்கு விடுகிற ஸ்கேட்டுகளுக்காக. புதிதாகப் பழகுபவர்கள் வழுக்கி விழாமல் இருக்க நல்ல பிடிமானம் வேண்டும் என்பதற்காகச் செய்தது. கைதேர்ந்த ஸ்கேட்டர்களுக்கு அது பிடிக்கவில்லை. வேகம் போதவில்லை என்று ஒதுக்கினார்கள். ஆக, வேண்டாம் என்று சொல்லப்பட்ட சரக்கு. நாஸ்வொர்த்தி அதை எடுத்துத் தன் பழைய ஸ்கேட்போர்டில் மாட்டிப் பார்த்தார். போர்டு சத்தமே இல்லாமல், ரோட்டைப் பிடித்துக்கொண்டு, கல்லின் மேல் ஏறி இறங்கி ஓடியது! கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்து, 1970களின் தொடக்கத்தில் காடிலாக் வீல்ஸ் என்ற பெயரில் விற்கத் தொடங்கினார்.

இதன் சூட்சுமம் எளிது. கடினமான சக்கரம் கல்லில் மோதினால் அந்தக் கல்லின் உச்சி வரை மொத்த எடையையும் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். வேகம் போதாவிட்டால் நிற்கும். மிருதுவான சக்கரமோ கல்லைத் தனக்குள் கொஞ்சம் அமுக்கி வாங்கிக்கொண்டு, மேலே உருண்டுபோய், பழைய வடிவத்துக்கு உடனே திரும்பிவிடும். அமுங்கணும், ஆனால் உடனே எழுந்துக்கணும். இரண்டும் சேர்ந்த பொருள் கிடைப்பது அரிது. சேறு அமுங்கும், எழாது. கண்ணாடி அமுங்கவே அமுங்காது. பாலியூரித்தேன் இரண்டையும் செய்கிறது, தேய்மானத்தையும் தாங்குகிறது. நம்ம பக்கத்துக் கம்பெனிகளில் சரக்கு இழுக்கிற கை டிராலியின் சக்கரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? பல இடங்களில் அதுவும் பாலியூரித்தேன்தான்.

சக்கரத்தின் கடினத்தை ஷோர் என்கிற அளவில் சொல்வார்கள். எண் கூடக் கூடக் கடினம். கார் டயரின் ரப்பர் 60, 70-ஐ ஒட்டி வரும். தெருவில் சாகசம் செய்கிறவர்கள் போடுகிற சக்கரம் 99, 101 என்று கல் மாதிரி இருக்கும். நம்ம சின்ன பிளாஸ்டிக் போர்டில் 78. சும்மா ஊர் சுற்றுவதற்கு என்றே வைத்த எண் அது.

சரி, பிளாஸ்டிக் எங்கே வந்தது? இதோ. யூரித்தேன் சக்கரம் வந்ததும் ஆட்டம் மறுபடி சூடு பிடித்தது. 1970களின் நடுவில் மாடலுக்கு மாடல் பலகைகள் குவிந்தன. மரப்பலகை என்றால் அறுக்கணும், ஒட்டணும், இழைக்கணும். பிளாஸ்டிக் என்றால் அச்சுக்குள் உருக்கி ஊற்றிவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம். அப்படிக் குட்டி குட்டியாக, ஒடுக்கமாக, ஒரு பக்கம் வால் தூக்கிய பாலிப்ரொப்பிலீன் பலகைகள் கடைகளுக்கு வந்தன. மஞ்சள் கலரும் வளைந்த உருவமும் பார்த்து 'வாழைப்பழப் பலகை' என்றே பேர் வைத்தார்கள். விலை குறைவு என்பதால் அப்பா அம்மா வாங்கித் தருகிற முதல் போர்டு பெரும்பாலும் இதுதான். (பாலிப்ரொப்பிலீன் யார் என்று கேட்டால், கல்யாண மண்டபத்தில் அடுக்கி வைத்திருக்கிற பிளாஸ்டிக் நாற்காலி. கார் பம்பரிலும் ரப்பர் கலந்து இவர்தான். இதற்கான ஆராய்ச்சிக்காக இத்தாலியின் ஜூலியோ நாட்டா 1963-இல் ஜெர்மனியின் சீக்லருடன் சேர்ந்து நோபல் பரிசு வாங்கினார். அப்போது அவர் கல்யாண மண்டபத்தை நினைத்திருக்க மாட்டார்.)

மரப்பலகை வைத்திருந்த பெரிய அண்ணன்கள் அப்போதே இதைப் பொம்மை என்றுதான் சொன்னார்கள். நம்ம கிளாஸ் மக்கள் சொல்வதற்கு 50 வருடப் பாரம்பரியம் இருக்கிறது என்று மகிழ்ந்துகொள்ளுங்கள்! ஆனால் 1977-இல் இங்கிலாந்தில் வெடித்த ஸ்கேட்போர்டு மோகத்தில் லட்சக்கணக்கான சிறுவர்களின் காலடியில் போனது விலை குறைந்த பலகைகள்தான். சாம்பியன்கள் விளையாட்டை உயர்த்துகிறார்கள், சரி. பரப்புவது மலிவான சரக்கு. டென்னிஸ் பந்து இல்லாவிட்டால் நம்ம ஊர்த் தெருவில் கிரிக்கெட் ஏது?

பலகை மலிந்ததும் தரைக்குத் தட்டுப்பாடு வந்தது. 1976, 77-இல் கலிபோர்னியாவில் வறட்சி. வீட்டு நீச்சல் குளங்களில் தண்ணீர் இல்லை. பசங்கள் வேலி ஏறிக் குதித்து, காலிக் குளத்தின் வழவழப்பான சுவரில் ஓட்டினார்கள். வறட்சியில் இருந்து ஒரு விளையாட்டு கிளைத்தது என்றால் நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர்களுக்குப் பெருமூச்சுதான் வரும், நமக்கு வறட்சியில் காலிக் குடம் மட்டுமே கிடைத்திருக்கிறது. இன்னொரு பக்கம் நார்வே நாடு 1978-இல் ஸ்கேட்போர்டையே சட்டம் போட்டுத் தடை செய்தது. விற்கக் கூடாது, ஓட்டக் கூடாது. அந்தத் தடை 1989 வரை நீடித்தது. அங்கே பசங்கள் காட்டுக்குள் ஒளித்து வைத்துச் சாய்தளம் கட்டி ஓட்டினார்களாம். தடை செய்தால் விளையாட்டு நிற்காது, ஒளிவிடத்துக்குப் போகும்.

1980, 90களை வேகமாகக் கடக்கிறேன். 1978-இல் ஆலன் கெல்ஃபாண்ட் கையால் பிடிக்காமல் போர்டோடு எம்பும் வித்தையைக் கொண்டு வந்தார். 1982-இல் ராட்னி மல்லன் அதைச் சமதளத்தில் செய்து காட்டினார். அதிலிருந்து போர்டு என்பது உருட்டுவதற்கு என்பது போய் எம்புவதற்கு என்று ஆகிவிட்டது. மேப்பிள் மரத்தில் ஏழு அடுக்கு ஒட்டிய பலகை, சின்னச் சக்கரம், கடினமான சக்கரம். வழவழப்பான சிமெண்ட் தளத்துக்கு அது ராஜா. பிளாஸ்டிக் பலகை பொம்மைக் கடை மூலைக்குப் போனது.

அங்கிருந்து மீண்டது 2010-இல். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பென் மேக்கே என்பவர், சிறு வயதில் தான் ஓட்டிய பழைய பிளாஸ்டிக் போர்டின் நினைவில் பென்னி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். உருவம் அதே 1970களின் வாழைப்பழம். ஆனால் உள்ளே எல்லாம் இன்றைய சரக்கு. 59 மில்லிமீட்டர் யூரித்தேன் சக்கரம், வளைந்தும் ஒடியாத பிளாஸ்டிக், வெறுங்காலுக்கும் பிடிமானம் தருகிற கட்டம் கட்டமான மேல்தளம். கூடவே ஒரு வியாபார மூளையும் இருந்தது. பலகை ஒரு கலர், சக்கரம் ஒரு கலர், ட்ரக் ஒரு கலர், திருகாணி கூட வேறு கலர் என்று பிரித்து மாற்றி மாட்டலாம். உலகம் முழுக்க ஓடியது. ஜெராக்ஸ் மாதிரி 'பென்னி போர்டு' என்பது எல்லாக் குட்டி பிளாஸ்டிக் போர்டுக்கும் பொதுப் பெயராகிவிட்டது. அதே 2010 மார்ச்சில்தான் ஒரகடத்தில் ரெனோ நிஸான் தொழிற்சாலை திறந்தார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தம் ஒன்றும் இல்லை, சும்மா வருடம் ஒத்துப்போகிறதே என்று சொன்னேன் :-)

ஒரிஜினல் வெற்றி பெற்றால் நகல் வரும். வந்தது. இன்று இணையத்தில் ஆயிரம் ரூபாய் சுமாருக்கு வருகிற போர்டுகள் பார்க்க அச்சு அசல் அப்படியே இருக்கும். பலகையில் பெரிய குறை கிடையாது. கோளாறு சக்கரத்தில். காசு மிச்சப்படுத்துவதற்காகப் பல நகல்களில் யூரித்தேனுக்குப் பதில் பி.வி.சி. போடுகிறார்கள். தண்ணீர்க் குழாய் ஜாதி. அதே கலர், அதே பளபளப்பு, குணம் மட்டும் 1965-இன் களிமண்! எங்கள் தெருவில் எட்டாவது படிக்கிற பையன் ஒருவன் அப்படி ஒரு புது போர்டில் முதல் நாளே ஜல்லிக்கல்லில் மாட்டி முன்பல் பாதியை இழந்தான். "போர்டே ஆபத்து" என்று அவன் வீட்டில் அதை மொட்டை மாடிக்கு அனுப்பிவிட்டார்கள். 60 வருடத்துக்கு முன்னால் அமெரிக்கப் பெற்றோர் சொன்ன அதே தீர்ப்பு, அதே காரணம். நான் போய்ச் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தேன், நகம் இறங்கவில்லை.

அதனால் போர்டை நம்ம இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ள ஆசைப்படுகிற மக்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். கலருக்குச் செலவு செய்யும் முன் சக்கரத்துக்குச் செய்யுங்கள். நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் உள்ளே போய்த் திரும்ப வரவேண்டும். சிமெண்ட் தரையில் போட்டால் துள்ளி எழ வேண்டும். 'டொக்' என்று விழுந்து கிடந்தால் அது குழாய்.

பேரிங் விஷயம் இன்னும் சுவாரசியம். சக்கரத்துக்கு இரண்டு வீதம் மொத்தம் எட்டு. எல்லாம் 608 என்ற ஒரே அளவு. உள்துளை 8 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 22, தடிமன் 7. இந்த 608 ஸ்கேட்போர்டுக்காகப் பிறந்தது கிடையாது. சின்ன மோட்டாரிலும் பவர் டூல்ஸிலும் இருப்பது. 2017-இல் எல்லாரும் விரலில் சுற்றிக்கொண்டு திரிந்தோமே, அந்த ஸ்பின்னரின் நடுவில் இருந்ததும் பெரும்பாலும் இதேதான். பேரிங் கடையில் போய் "608 எட்டு கொடுங்க" என்றால் போதும், ஸ்கேட்போர்டு என்ற வார்த்தையே சொல்ல வேண்டாம். டப்பாவில் ஏபெக் 7, ஏபெக் 9 என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது எவ்வளவு நுணுக்கமான அளவில் கடைந்திருக்கிறார்கள் என்பதற்கான தரம். வேகத்துக்கான நம்பர் என்று நினைத்துக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

ட்ரக்கின் நடுவில் இருக்கிற பெரிய நட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் போர்டு சுலபமாகத் திரும்பும். அதிகம் தளர்த்தினால் வேகத்தில் கிடுகிடு என்று ஆடும். நட்டுக்கு அடியில் இருக்கிற ரப்பர் போன்ற வளையங்கள்தான் பிளிம்ப்டன் தாத்தா வைத்தது. ஆளின் எடைக்கு ஏற்ப அவற்றை மாற்றலாம். நம்ம கிளாஸின் 'பீமன்' கேட்டான், தாங்குமா என்று. வளையத்தைக் கடினமாகப் போட்டால் நன்றாகவே தாங்கும். ரொம்பப் பெரிய சக்கரம் போட்டால் மட்டும், திரும்பும்போது பலகையின் அடியில் உரசிச் சட்டென்று நின்றுவிடும். நடுவே ஒரு தடிமனான பட்டை வைத்தால் சரி.

ஓட்டுவது எப்படி என்று தனியாகப் பாடம் எடுக்கப் போவதில்லை. முன்கால் திருகாணிகளுக்கு மேல், பின்காலால் தரையை உதைத்து, அதையும் பலகையில் ஏற்றி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, போக வேண்டிய பக்கம் பாதத்தால் அழுத்தினால் போர்டு கேட்கும். பலகை குட்டி என்பதால் மரப்போர்டை விட இதில் நிற்பது ஆரம்பத்தில் கஷ்டம். ஹெல்மெட்டைப் போட்டுவிட்டு ஏறுங்கள்.

இப்போது "இதெல்லாம் அமெரிக்கப் பசங்க விளையாட்டு" கட்சிக்கு வருகிறேன். வாலாஜாபாத்தில் இருந்து செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் மாமல்லபுரம். அங்கே மீனவர் குடும்பத்துப் பெண் கமலி. சின்ன வயதில் கவுன் போட்டுக்கொண்டு, காலில் செருப்பு கூட இல்லாமல், சாய்தளத்தில் ஸ்கேட்போர்டில் இறங்குகிற அவர் படத்தை அமெரிக்க ஸ்கேட்டர் ஜேமி தாமஸ் எடுத்தார். அதை டோனி ஹாக் தன் பக்கத்தில் பகிர்ந்தார். 1999-இல் காற்றில் இரண்டரைச் சுற்று சுற்றி இறங்கிக் காட்டிய அதே டோனி ஹாக். அப்புறம் சாஷா ரெயின்போ என்ற இயக்குநர் கமலியையும் அவர் அம்மா சுகந்தியையும் வைத்து 'கமலி' என்ற ஆவணப்படம் எடுத்தார்.

அந்தப் படம் 2020-இல் பிரிட்டனின் பாஃப்டா குறும்படப் பரிந்துரைப் பட்டியலில் இடம் பிடித்தது. மொத்தம் ஐந்து படங்கள். விருது வாங்கியது, காபூலில் ஸ்கேட்டிஸ்தான் அமைப்பில் சிறுமிகள் ஸ்கேட்போர்டு கற்பதைப் பற்றிய கேரல் டைசிங்கரின் படம். அதே படம் அந்த வருடம் ஆஸ்கரும் வாங்கியது. ஐந்தில் இரண்டு படங்கள் பெண் குழந்தைகளும் ஸ்கேட்போர்டும்! ஒன்று மாமல்லபுரம், ஒன்று காபூல். இரண்டும் ஆசியா. பிரேசிலில் ரெய்சா லியால் என்ற சிறுமி தேவதை உடையில் எம்புகிற வீடியோவை டோனி ஹாக் பகிர்ந்தது 2015-இல். அந்தச் சிறுமி 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 13 வயதில் வெள்ளி வாங்கினார். தங்கம் வாங்கிய மொமிஜி நிஷியாவுக்கும் 13 வயதுதான். கமலி பின்னர் அலைச்சறுக்கிலும் இறங்கி, தேசிய அளவிலான போட்டிகளில் பட்டம் வென்றிருக்கிறார். தரையில் இருந்து அலைக்கு, அதாவது 1950களின் கலிபோர்னியாவுக்கு நேர் எதிர்த் திசையில் போயிருக்கிறார்.

மத்தியப் பிரதேசத்தில் பன்னா மாவட்டத்தில் ஜன்வார் என்று ஒரு கிராமம். ஜெர்மனியைச் சேர்ந்த உல்ரிக் ரெய்ன்ஹார்ட் அங்கே ஒரு ஸ்கேட் பார்க் கட்டினார். விதிகள் இரண்டு. பள்ளிக்குப் போகாவிட்டால் போர்டு கிடையாது, பெண் பிள்ளைகளுக்கு முதலிடம். அந்தக் கிராமத்து ஆஷா கோண்ட் 2018-இல் சீனாவின் நான்ஜிங்கில் உலகப் போட்டிக்குப் போனார்.

மாமல்லபுரம், காபூல், ஜன்வார் என்று எங்கே பார்த்தாலும் போர்டுக்கு முன்னால் யாரோ ஒருவர் கொஞ்சம் வழவழப்பான தரையைக் கொடுத்திருக்கிறார். ஒரு சாய்தளம், ஒரு சிமெண்ட் மேடை. பிள்ளைகள் மீதியைப் பார்த்துக்கொண்டார்கள்.

நம்ம ஊரில் வழவழப்பான தரைக்குப் பஞ்சமா என்றால், இல்லை! வண்டலூர் வாலாஜாபாத் சாலை மாதிரி ஒரு ரோடு எத்தனை ஊருக்குக் கிடைக்கும்? ஆனால் அது கன்டெய்னர் லாரிக்கும் கம்பெனி பஸ்ஸுக்கும் போட்டது. அதில் போர்டோடு இறங்குவது தற்கொலை, யாரும் முயற்சிக்க வேண்டாம், விளையாட்டுக்குக் கூடச் சொல்லவில்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் கார் பந்தயத் தடம் இருக்கிறது. ஒரகடத்தில் வாகனங்களைச் சோதிப்பதற்கென்றே தடங்களோடு ஒரு மையம் இருக்கிறது. இரண்டும் வேலிக்கு உள்ளே. எங்கள் அண்ணன் வேலை பார்க்கிற கம்பெனியின் தளத்தில் எபாக்சி பூசியிருக்கிறார்களாம், குனிந்தால் டியூப்லைட் தெரியுமாம். 59 மில்லிமீட்டர் சக்கரத்துக்கு அது சொர்க்கம். சைக்கிளுக்கு, காருக்கு, லாரிக்கு, சரக்கு டிராலிக்குக் கூட இந்த வட்டாரத்தில் தரை ஒதுக்கியிருக்கிறார்கள். அதே வட்டாரத்தில் வளர்கிற பிள்ளைகளுக்கு ஒரு கூடைப்பந்து மைதான அளவு சிமெண்ட் தளம் ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்? பெரிய ஸ்கேட் பார்க் எல்லாம் கேட்கவில்லை. பூங்கா கட்டும்போது நடுவில் பதிக்கிற டைல்ஸ் கல்லுக்குப் பதில் இழைத்த சிமெண்ட் போடுங்கள், அது போதும். போர்டு ஓட்டாதவர்கள் அதில் வாக்கிங் போகலாம், பாட்டிகள் கூழ்வற்றல் காயப் போடலாம்.

அதுவரை எங்களுக்கு எங்கள் தெரு சிமெண்ட் ரோடுதான். காலை ஐந்தரை முதல் ஆறே கால் வரை, பால் வண்டி வந்து போன பிறகு, ஸ்கூல் வேன்கள் தொடங்கும் முன். சில அடிக்கு ஒரு இணைப்பு வருவதால் 'டக் டக் டக்' என்று ரயில் மாதிரி சத்தம் வரும். மணல் லாரி போன மறுநாள் முதலில் விளக்குமாறு, அப்புறம்தான் போர்டு. மழை பெய்தால் இரண்டு நாள் லீவு. நனைந்துவிட்டால் பேரிங்கைக் கழற்றி, மூடியை எடுத்துவிட்டு, மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப் போட்டு, துடைத்துக் காயவைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒவ்வொன்றுக்கும் இரண்டே இரண்டு சொட்டு. அதற்கு மேல் விட்டால் தூசி ஒட்டும்.